இரண்டு மணியோடு நின்ற அழைப்பு

“ஏன் புள்ள நிஷா, மொத லயத்துல போன எடுத்த ஒடனே எங்க லயத்து போனு வாய மூடிக்கிதே, ஏன்? மொத லயத்து போனு என்ன, மாமியாரா?”

குணமணி இப்படிக் கேட்டதும், லயத்து முன்கூரையின் கீழே இஸ்தோப்பில் கூடியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிஷாந்தினிக்கும் சிரிப்பு வந்தது. அது மாசி மாதத்து வெயில் நாள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

பெரகலச் சந்தியில் இறங்கி, தார் பெயர்ந்த பாதையில் வளைந்து வளைந்து ஏறினால் கருக்கமலைத் தோட்டம். அதன் கீழ்ப் பிரிவில் தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகளான நான்கு லயங்கள் சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே நான்காவது லயம். அதன் முதுகை ஒட்டி மலை. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு அதிகாரிகள் இங்கேயும் வந்தார்கள். வெடிப்பு ஓடிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டார்கள். வேறிடத்தில் வீடு கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு வரவில்லை. வருஷங்கள் கழித்து, ஒரு தொண்டு நிறுவனத்தின் தயவில் லயத்துக்கு ஒன்றாக நான்கு போன்கள் வந்தன. மழை கூடினால் பதுளையிலிருந்து அழைப்பு வரும். வந்ததும் எல்லாரும் கோயில் மேட்டுக்கு ஓடிவிட வேண்டும்.

போன்களைப் பொருத்தியது நிஷாந்தினி வேலை செய்த சின்னக் கம்பெனி. அவள் அந்த நான்காவது லயத்தில் பிறந்தவள். பொறியியல் படித்து முடித்து, பதுளை டவுனில் றவூப் நானாவின் துணிக்கடைக்கு மேல்மாடியிலிருந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், தாயையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டாள். அவர்கள் விட்டுப்போன ஒற்றை அறைக் காம்பராவில் இப்போது குணமணியின் மகள் விஜிதா தையல் மிசின் போட்டிருந்தாள்.

“நாலு போனுக்கும் ஒரே நம்பர் சித்தி. நாலும் ஒண்ணா அடிக்கும். யாரு மொதல்ல எடுக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் பேச்சு. மத்த மூணுக்கும் ‘போதும், நிப்பாட்டு’ன்னு ஒரு சேதி போயிரும்” என்றாள் நிஷாந்தினி.

“அப்ப மொத லயத்துக்காரங்க வந்து நமக்குச் சொல்லுவாங்கம்மா” என்றாள் விஜிதா.

“யாரு, எளையதம்பி கங்காணியா? பெஞ்சன் வந்ததையே பொண்டாட்டிகிட்ட சொல்லாத மனுசன்டி அவரு!” என்றாள் குணமணி.

மறுபடியும் ஒரே சிரிப்பு. பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நிஷாந்தினிக்கு அந்தச் சிரிப்பு கசந்தது.

அவள் சொன்னது சரிதான். அது பழைய விதி. ஓர் அலுவலகத்துக்குப் பொதுவாக ஒரு நம்பர் இருக்கும். யாராவது ஒருவர் எடுத்தால் போதும், மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்ற நினைப்பில் எங்கோ யாரோ எழுதியது. இணையத் தொலைபேசிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சமிக்ஞைகளுக்கு, எப்போது மணி அடிப்பது, எப்போது நிறுத்துவது என்று விதி எழுதுவதற்கென்றே ஒரு தொழில்நுட்பக் குழு உண்டு. பல நாட்டுப் பொறியியலாளர்கள் இணையத்தில் கூடிப் பேசுவார்கள். ஆபத்துக் காலத்து அழைப்புகளுக்கான புது விதியை அந்தக் குழு அப்போது எழுதிக்கொண்டிருந்தது. எழுதியவர்களில் ஒருவர் நிஷாந்தினியின் மேலாளர் புவனேந்திரன். யாழ்ப்பாணத்துக்காரர், குரல் உயர்த்தத் தெரியாதவர். அவருக்கு உதவியாக அவளும் கூட்டங்களில் உட்காருவாள்.

எச்சரிக்கை அழைப்பு என்றால் ஒருவர் எடுத்தாலும் மற்ற போன்கள் நிற்கக் கூடாது, ஒவ்வொன்றும் எடுக்கப்படும்வரை அடிக்க வேண்டும் என்று அவள் ஒரு பந்தி எழுதிக் காட்டினாள்.

“நல்ல விசயம் பிள்ளை” என்றார் புவனேந்திரன். “ஆனா இப்ப இதைக் கிளப்பினா முழுதையும் திரும்பப் பிரிச்சுப் பார்க்க வேணும். ஏற்கெனவே இழுபட்டுக்கொண்டு கிடக்குது. அடுத்த பதிப்பிலை போடுவம்.”

“நம்ம தோட்டத்துக்குப் போட்ட போன் பெட்டியில மட்டும் மாத்த ஏலாதா சேர்?”

“விதியிலை இல்லாததைப் பெட்டி செய்யிறவன் செய்து தரமாட்டான். கேட்டுப் பாத்திட்டன். உமக்கு விருப்பமெண்டா கூட்டத்திலை நீரே சொல்லும். நான் தடுக்கமாட்டன்.”

அந்தக் குழுவில் வாக்கெடுப்பு கிடையாது. தூர தேசத்திலிருந்து பேசும் தலைவர், “யாருக்காவது எதிர்ப்பு உண்டா?” என்று கேட்பார். கொஞ்சம் பொறுப்பார். குரல் எதுவும் வராவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று அர்த்தம். அதுதான் அவர்கள் வழக்கம்.

அன்றைக்கும் கேட்டார். நிஷாந்தினியின் விரல் பேச்சுப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. சொல்ல வேண்டிய வசனத்தைக் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் அவள் தோட்டத்துப் பிள்ளை. சின்ன வயதில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக் களத்தில் நின்றிருக்கிறாள். காலையில் வேலை பிரிக்குமுன் துரை கேட்பார், “ஏதாச்சும் சொல்லணுமா?” ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். திறந்தவளுக்கு அட்டை மொய்க்கும் தூரத்து மலைதான் கிடைக்கும். தரையைப் பார்த்தபடி பேசாமல் நிற்பதுதான் அங்கே மறுப்பு. அது துரைக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். நிஷாந்தினி மேசையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தாள். தன் மௌனம் திரைக்கு அந்தப் பக்கம் யாருக்காவது உறைக்கும் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று நம்பிக்கொண்டிருந்தது.

தலைவர் எல்லாருக்கும் நன்றி சொன்னார். விதி அடுத்த படிக்குப் போனது.

ஐப்பசியில் மழை பிடித்தது.

லயத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் போய்ச் சேர்ந்ததும், லயத்து போனுக்கு இரண்டு தடவை மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார்கள். அதை யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் பிள்ளைக்குக் காசு போய்விடும். இரண்டு மணியோடு நின்றால் பிள்ளை பத்திரம். யார் வீட்டுப் பிள்ளை அன்றைக்குப் பயணம் என்பது லயத்துக்கே தெரிந்திருக்கும்.

அன்றைக்குக் காலையில் குணமணியின் மகன் சுரேஸ் கொழும்பு பஸ் ஏறியிருந்தான். மழையில் கொழுந்து வேலை இல்லை. எல்லாரும் காம்பராவுக்குள் அடைந்து கிடந்தார்கள். பின்னேரம் குணமணி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, அடைத்துப்போன மழைநீர்க் கானை வெட்டிவிட மண்வெட்டியோடு கோயில் பக்கம் இறங்கியிருந்தாள்.

நான்கு போனும் ஒன்றாக அடித்தன. முதல் லயத்தில், மழைக்குப் பயந்து போனருகிலேயே இருந்த இளையதம்பி கங்காணி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். மற்ற மூன்றும் நின்றன.

விஜிதா தையல் மிசினை விட்டு எழுந்து இஸ்தோப்புக்கு வந்தாள். தகரத்தில் மழை அறைந்த சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. கீழே நின்ற தாயைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். குணமணி நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினாள். மனம் நிறைந்துதான் தலையாட்டினாள். மகள் உள்ளே போனாள்.

பதுளையிலிருந்து வந்த எச்சரிக்கையை இளையதம்பி முழுவதும் கேட்டார். தன் லயத்தில் இருந்தவர்களை எல்லாம் கிளப்பிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடினார். நான்கு போனும் ஒன்றாகத்தான் அடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். எல்லாரும் கேட்டிருப்பார்கள், பின்னாலேயே வருவார்கள் என்று நினைத்தார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அவர்கள் மேட்டில் ஏறிய கையோடு மலை வந்தது. நான்காவது லயம் இருந்த இடமே தெரியவில்லை. மூன்றாவதில் பாதி போனது. தோண்டியவர்களுக்கு முதலில் கிடைத்தது தையல் மிசின். விஜிதா அதற்குக் கீழே இருந்தாள்.

சுரேஸ் அப்போது கொழும்புக்குப் போய்ச் சேரவே இல்லை. பாதை மூடியதால் பஸ் பலாங்கொடையில் நின்றுகொண்டிருந்தது.

மிஞ்சியவர்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். நிஷாந்தினி அங்கே போனபோது குணமணி வகுப்பறை மூலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, போன் விதி எழுதும் குழு கடைசித் தடவையாகக் கூடப்போவதை நிஷாந்தினி சொன்னாள்.

“நடந்தத நீங்க வந்து சொன்னா கேப்பாங்க சித்தி. இனி ஒரு எடத்துலயும் அப்பிடி நிக்கக் கூடாது.”

“நான் சொன்னா மாத்துவாங்களா?”

“மாத்தணும்.”

குணமணி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு, “வாறேன்” என்றாள். “இன்னொருத்தி ரெண்டு வெரலக் காட்டிட்டு உள்ள போகக் கூடாது.”

பதுளைக்குப் போகும் வழியெல்லாம், தான் முன்பு வாய் மூடி இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று நிஷாந்தினி நினைத்தாள். அப்புத்தளையில் சொல்லலாம் என்றிருந்தாள். பண்டாரவளை வந்தது. பிறகு பதுளையே வந்துவிட்டது.

மேல்மாடி அறையில் கணினிக்கு முன்னால் குணமணியை நடுவில் உட்காரவைத்தார்கள். திரை நிறைய முகங்கள். தலைவர் வழக்கமான கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். இந்தத் தடவை நிஷாந்தினி பொத்தானை அழுத்தினாள்.

“எனக்கு எதிர்ப்பு உண்டு.”

 ஒன்று விடாமல் சொன்னாள். போன்கள் அடித்ததை, நின்றதை, லயத்து வழக்கத்தை, மண்ணை. குணமணியிடம் திரும்பி, “காட்டுங்க சித்தி” என்றாள். குணமணி இரண்டு விரலைத் தூக்கித் திரைக்குக் காட்டினாள். 

யாரோ வருத்தம் தெரிவித்தார்கள். இன்னும் இரண்டு பேர் தெரிவித்தார்கள். பிறகு ஒருவர், போன்கள் விதிப்படி சரியாகத்தான் அடித்திருக்கின்றன, எடுக்கப் பழக்குவது அந்த ஊர்க்காரர்கள் பொறுப்பு, சமிக்ஞையில் பிழை இல்லை என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனம் உடைந்துபோயிருப்பதாகச் சொன்னார். ஆனால் இதே கேள்வியைப் போன கூட்டத்தில் கேட்டபோது ஒரு குரலும் எழவில்லையே. நிஷாந்தினி, நீங்களும் அன்றைக்கு இருந்தீர்களே என்றார். எல்லாரும் சம்மதித்ததை இப்போது நிறுத்த முடியாது. அடுத்த பதிப்பில் கட்டாயம் பார்க்கலாம்.

“என்ன சொல்றாரு?” என்று கேட்டாள் குணமணி.

“அடுத்த முறை பாப்பம் எண்டு சொல்லுறார் அம்மா” என்றார் புவனேந்திரன் அவசரமாக.

குணமணி அவர் பக்கம் திரும்பவில்லை. “ஒம் பேரச் சொன்னாரே. நீ சொல்லு புள்ள.”

நிஷாந்தினி திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். “இத வேணாங்கிறவங்க யாரும் இருக்கீங்களான்னு முன்னாடியே ஒரு தடவ கேட்டாங்க சித்தி. யாரும் பேசல.”

“நீ எங்க இருந்த?”

“இங்கதான். கூட்டத்துல இருந்தேன்.”

“நான் இஸ்தோப்புல வச்சு ஒன்னயக் கேட்டேனே. அதுக்கு முன்னாடியா, பெறகா?”

“பெறகு.”

குணமணியின் இரண்டு விரலும் இன்னும் மடியாமல் மேசைமேல் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

அந்த அம்மாவுக்கு வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று திரையில் தலைவர் கேட்டார். கேட்டுவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் பொறுத்தார்.

குணமணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். சுவரோரம் சாத்தியிருந்த குடையை எடுத்தாள். வாசலில் கழற்றி வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனாள்.