பாமன்கடைக் கந்தோர்

களனிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்த என் மகள் மயூரிக்கு ரீச்சர் வேலையைத் தவிர வேறெதுவும் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. பாமன்கடையில் ஏதோ ஒரு கந்தோருக்கு, அலுவலக வேலைக்குப் போவதாகச் சொன்னாள். என்ன கந்தோர் என்று கேட்டால், "கடதாசி வேலை" என்பாள். என்ன பெரிய ரகசியம்? ஒருநாள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து வெட்கத்தை விட்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.

வாசலில் 'சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்' என்று பலகை தொங்கியது. கண்ணாடிக்கு அப்பால் மயூரி தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நான் வீட்டுக்குத் திரும்ப எத்தனித்த நேரம், உள்ளேயிருந்து சிவபாதசுந்தரம் வந்தார். அவருடைய லண்டன் மகனுக்குத்தான் மயூரியைக் கல்யாணம் பேசியிருந்தோம். சாதகக் குறிப்புக்கூட நன்றாகப் பொருந்தியிருந்தது; மயூரியை அவர் இன்னும் நேரில் கண்டதில்லை. என்னைக் கண்டதும் கையிலிருந்த உறையை அவசரமாகச் சட்டைக்குள் செருகினார்.

பின்னேரம் மயூரி வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"பிள்ளை, சிவபாதசுந்தரம் என்ன கடதாசி கொண்டுவந்தவர்?"

"சொல்ல ஏலாது அப்பா."

"பெடியன்ர பிறப்புச் சான்றிதழோ?"

அவள் கைப்பையை மேசையில் வைத்தாள்.

"அப்ப விவாகச் சான்றிதழோ? அவன் முதலே கட்டினவனோ?"

"ஒருத்தற்ர கடதாசியை இன்னொருத்தருக்குச் சொல்லக்கூடாது. அது என்ர வேலை."

"நான் உன்ர அப்பனடி!" என்று கத்தினேன்.

அவள் அலமாரியைத் திறந்து மாப்பிள்ளையின் குறிப்பை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இதைத் திருப்பிக் குடுங்கோ அப்பா. பொருத்தமில்லை எண்டு சொல்லுங்கோ."