சென்சாருக்குத் தெரியாத நூல்

தினகரன் ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஐந்து வயது மகள் பிரியதர்ஷினியின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தான். தொண்ணூற்றெட்டு. நான்கு நாளாக அடித்த டெங்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

போன ஐப்பசியில் அவன் மனைவி கலைவாணிக்கும் நான்காம் நாள்தான் விட்டது. அன்று சாயங்காலமே போய்விட்டாள். காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்று டாக்டர் பிறகு விளக்கினார்.

குழந்தையைப் போர்த்தித் தூக்கிப் பின் சீட்டில் படுக்கவைத்தான். முட்டுச் சந்து, ரிவர்ஸில்தான் வெளியே போக முடியும். ஆறு மாதத்துக்கு முன் காருக்குப் பார்க்கிங் சென்சார் பொருத்தியிருந்தான். பம்பரில் நான்கு வட்டப் பொட்டுகள். அவை அனுப்பும் ஒலி எதிலாவது மோதித் திரும்பினால் பீப் அடிக்கும். நெருங்க நெருங்க வேகமாக அடிக்கும். சுவர் கிட்டே வந்ததும் கத்தியது. ஸ்டியரிங்கைத் திருப்பினான். சத்தம் நின்றது. வழி இருக்கிறது என்று மிதித்தான்.

யாரோ டிக்கியை ஓங்கித் தட்டினார்கள். பிரேக் போட்டான். எதிர்வீட்டு அம்சவேணி.

"எங்க பாத்துக்கினு வர்ற? பாவு போட்டிருக்குது, தெரியல?"

இறங்கிப் பார்த்தான். தறியில் ஏற்றுவதற்கான பாவை, அத்தனை நீளப் பட்டிழைகளையும், தெரு நடுவே மூங்கில் கால்களின்மேல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பம்பருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. அந்த மெல்லிய இழைகள் சென்சாருக்கு எதையும் திருப்பி அனுப்பவில்லை. பாவு போடுவதாகச் சொன்னால் முந்தின நாளே வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட வேண்டும். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன் மறந்துவிட்டான். கட்டிய பாவை வெயில் ஏறும்வரை யாரும் அசைக்க மாட்டார்கள்.

"பாப்பாவுக்கு ஜுரம் விட்டுடுச்சிக்கா" என்றான்.

விட்டால் நல்லதுதானே என்றார் மறுமுனையில் நின்ற அவள் கணவர் மயில்வாகனம்.

"கலைக்கும் நாலாம் நாளுதான்யா விட்டுச்சி. கயித்த அவுரு" என்றாள் அம்சவேணி.

எட்டுப் பேர் மூங்கில் கால்களோடு பாவைத் தூக்கிச் சுவரோரம் நகர்த்தினார்கள். எத்தனை இழை அறுந்தது என்று யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் இறங்குகிறது, நேரத்தோடு வந்துவிட்டீர்கள், டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறோம் என்றார் டாக்டர். குழந்தை தூங்கியது.

வாசலை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் வந்தார். தினகரன் போய் ரிவர்ஸ் போட்டான். சென்சார் கத்தவில்லை. இறங்கிப் பின்னால் பார்த்தான். ஏறினான். மறுபடியும் இறங்கிப் பார்த்தான்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் கலைவாணி கண்ணை மூடினாள் என்று மாமியார் எல்லோரிடமும் சொல்கிறார். அப்படி ஒன்றும் அவள் சொல்லவில்லை. அன்று இதே வாசலில் அவன் காரை ரிவர்ஸில் ஒதுக்கியபோது, பக்கத்து சீட்டிலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"பின்னாடி ஒண்ணும் இல்லபா, போ."