பிளோறன்ஸ் சொன்ன கடைசி வார்த்தை

ஜெயமலர் மைக்கைப் பிடித்தாள். பின்னால் மூடிய பெட்டிக்குள் அவள் தாய் பிளோறன்ஸ். ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகர மயான மண்டபத்தை அரை மணித்தியாலம்தான் தந்திருந்தார்கள். அதில் பாதியைத் தமிழ்ச் சங்கத்துக்காரர் பேசியே தின்றுவிட்டார்கள்.

பேசாமல் என்ன செய்வார்கள்? பிளோறன்ஸ் பதினாறு வயதில் யாழ்ப்பாணத்தில் நாடக மேடையேறியவள். மூன்று படங்களில் நடித்தவள். அகதியாக வந்த பிறகும் பகலில் ஆஸ்பத்திரி கூட்டித் துடைத்துவிட்டு, பின்னேரம் பள்ளிக்கூட மண்டபங்களில் சனத்தை அழவைத்தவள். பார்த்தவர்களுக்கெல்லாம் அவள் அம்மா. பெற்ற பிள்ளைக்கோ ஒத்திகைக்கு ஓடுகிற முதுகுதான் தெரியும். அந்த எரிச்சல் ஜெயமலருக்கு ஐம்பது வயதிலும் ஆறவில்லை.

ஆறியது போன கிழமைதான். ஒரு வருடமாக யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்த பிளோறன்ஸ், சாகிற அன்று மத்தியானம் கண்ணைத் திறந்து மகளின் கையைப் பிடித்தாள். வாய் திறந்து பேசினாள். அன்று முழுக்க ஜெயமலர் அழுதது துக்கத்தில் அல்ல.

"அம்மா கடைசியா என்னோட கதைச்சவா," என்றாள் மைக்கில். "'கிட்ட வா, என்ர பிள்ளை. உன்னைத் தனிய விட்டிட்டன். கோவிக்காதை' எண்டு சொன்னவா. எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

முன்வரிசைச் சக்கர நாற்காலியில் இராயப்பு நிமிர்ந்தார். பிளோறன்சைவிட ஒரு வயது மூத்தவர். ஆனால் மேடையில் எப்போதும் அவளுக்கு மகன். அவள் எடுத்துக்கொடுக்க மறுமொழி சொல்லியே பழகிய வாய்.

"கோவமில்லை அம்மா. கண்ணை மூடுங்கோ. நான் இருக்கிறன்."

கடைசி வாங்கில் இருந்தவர்கள்வரை கேட்டது. பழைய ஆட்கள் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அது எந்த நாடகம் என்று அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. தான் செய்தது இராயப்புவுக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாமா, அது நாடகமே?"

"விடு பிள்ளை."

"சொல்லுங்கோ."

"ஓம். சாகிற தாய் மகனுக்குச் சொல்லுறது."

 ஜெயமலருக்கு, கைக்கு வந்த ஒன்றே ஒன்றையும் யாரோ திருப்பி வாங்கிக்கொண்டது போலிருந்தது.

"அதுக்குப் பிறகு அம்மா என்ன சொல்லுவா?" அவள் கேட்டது முழு மண்டபத்துக்கும் கேட்டது.



"ஒண்டுமில்லைப் பிள்ளை. அதோட அவவுக்கு வசனம் இல்லை."

மண்டபத்துக்காரர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். வெளியே அடுத்த சாவீட்டுக்காரர் குடைகளை மடக்கிக்கொண்டு நின்றார்கள். பெட்டி தூக்க நாலு பேர் உள்ளே வந்தார்கள். ஜெயமலர் ஒதுங்கி வழிவிட்டாள்.