ஆள் வெளியே இருக்கும்வரை

இருந்தவர்கள்: அம்மா. அண்ணன். அண்ணி. கடற்படை ஓய்வுபெற்றோர் சங்கத்தின் செயலாளர். நான். மொத்தம் ஐந்து. இல்லாதவர்: அப்பா, ஐந்து வாரமாக.

அப்பா எழுதியிருந்தால் இப்படித்தான் தொடங்கியிருப்பார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து லாங் சைஸ் நோட்டில் தினம் ஒரு பக்கம். முதலில் வீட்டில் இருந்தவர்கள், அடுத்து வானிலை, அடுத்து நடந்தது. கடைசி ஆள் உள்ளே வந்து கதவைப் பூட்டியதும் அடியில் ஒரு கோடு. கோடு விழுந்தால்தான் பக்கம் மூடும். கப்பல் பழக்கம்.

இருபத்திரண்டு வருடம் எஞ்சின் அறையில் பம்புகளுக்கு எண்ணெய் விட்டவர். தெருவில் எல்லோரும் கேப்டன் என்றார்கள். "கேப்டன் ரூமை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கேன், அவர் குழாய் அடைச்சுக்கிட்டப்போ" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். அலுத்துப்போய், பிறகு அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு நாற்பதுக்கு வேலை முடிந்து நான் வந்தபோது கூடத்தில் இரண்டு சூட்கேஸ்கள் நின்றன. அண்ணனும் அண்ணியும் முந்தின நாளே வந்து அம்மாவின் துணிமணிகளை அடுக்கியிருந்தார்கள். பத்து மணிக்குச் செயலாளர் வந்து நினைவுரை வாசிப்பார். நாலு மணிக்கு அம்மா அண்ணனோடு காரில் கிளம்ப வேண்டும். வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு நான் வேலை பார்க்கும் கிடங்கின் விடுதிக்குப் போக வேண்டும்.

புதன்கிழமை போனில் அண்ணன் இதைச் சொன்னபோது சரி என்றேன். அம்மாவைக் கேட்டாயா என்று கேட்கவில்லை. குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி முழுக்க எட்டு அறைகளின் வெப்பநிலையைக் குறிப்பவன் நான். பகல் தூக்கத்தைக் கெடுக்காத எதற்கும் சரி என்று சொல்லிவிடுவேன்.

அம்மா டீயை வைத்துவிட்டு சூட்கேஸைக் காட்டினாள்.

"அது யார் துணி?"

"உன்னுதுதான்."

"என்னை யாராவது கேட்டாங்களா?"

நான் டீயைக் குடித்தேன்.

"நீயும் கேக்கல. அப்படித்தானே?"

"கேக்கல."

"குடி. ஆறிடும்" என்றாள். அவளிடம் பிடித்ததும் பிடிக்காததும் இதுதான். திட்டமாட்டாள்.

செயலாளர் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்தார். கறுப்புக் கட்டம் போட்ட தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, எழுந்து நின்று வாசித்தார். அஞ்சாநெஞ்சர், கடமையின் சிகரம், அலைகளை அடக்கியவர். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று செயலாளர் நினைத்திருப்பார். குளியலறைக் குழாய் ஒழுகுவதையே இரண்டு வருடம் அடக்க முடியாதவர் அப்பா என்பது அண்ணிக்குத் தெரியும்.

"வலது கை செயலிழந்த பிறகும், இடது கையால் எழுதப் பழகி, இறுதி நாள்வரை தம் குறிப்பேட்டை நிறுத்தாதவர்" என்று முடித்தார். அதைச் சொல்லிக் கொடுத்தது அண்ணன்.

"அந்த நோட்டுகளைச் சங்கத்து அலமாரியில வைக்கலாம்னு சார் கேக்கிறார்" என்றான் அண்ணன். இருபத்தைந்து நோட்டுகளையும் அட்டைப் பெட்டியில் கட்டி வைத்திருந்தான். செயலாளர் பார்க்கட்டும் என்று ஒன்றைப் பிரித்தான்.

முதல் நோட்டு, முதல் பக்கம். அப்போது எனக்கு ஒன்பது வயது. "இருந்தவர்கள் நான்கு. மேகமூட்டம். மூவரும் என்னையே பார்க்கிறார்கள்."

சின்ன வயதில், அப்பா கப்பலிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் அண்ணன் அவரை மாமா என்று கூப்பிட்டவன். அவன் அதை மூடிவிட்டு வேறு நோட்டை எடுத்தான். "மூத்தவன் திருமணம். மழை. வந்தவர்கள் 212. பந்தல் ஒழுகவில்லை."

"என்னைப் பத்தி ஒரு வரி இல்லை. பந்தல் மட்டும் முக்கியம்" என்றாள் அண்ணி.

இன்னொன்று என்னுடையது. "இளையவன் கல்லூரியை விட்டுவிட்டான். சாப்பிட்டான். தூங்கினான்." அவ்வளவுதான். அன்று அவர் என்னிடம் பேசியதும் அந்த அளவுக்குத்தான்.

பதினொரு வருடம் முன்பு எனக்கு இரவு வேலை கிடைத்தபோது சிக்கல் வந்தது. கடைசி ஆள் உள்ளே வருவது காலை ஆறு நாற்பதுக்கு. அதுவரை பக்கத்தை மூட முடியாது. அவர் கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"போய்ப் படுங்கப்பா."

"ஆள் வெளிய இருக்கான். எப்படிப் படுக்கிறது?"

வேண்டாத தியாகம் என்று நினைத்தேன். சொல்லியும் இருக்கிறேன். அவர் கோடு போட்டுவிட்டுப் படுக்கப் போனார். பகலில் தூங்கும் ஆட்கள் வீட்டில் இருவரானோம்.

அண்ணன் கடைசி நோட்டைப் பிரித்துக் காட்டினான். கோழி கிளறியது போன்ற எழுத்து. "பாருங்க சார். இடது கை. அறுபத்தாறு வயசுல."

"அது என் எழுத்து" என்றாள் அம்மா.

செயலாளர் தாளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"இடது கையில அவரால ஸ்பூனே பிடிக்க முடியல. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, அதான் கோணல்."

"அம்மா, அவர் ராத்திரி பூரா நாற்காலியில உக்காந்திருப்பார்னு இவனே சொல்லியிருக்கானே" என்றான் அண்ணன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவருக்குக் கை விழுந்த பிறகு இரண்டு வருடமாகத் தினமும் கதவைத் திறந்தது அம்மா. அப்பா நாற்காலியில் இருப்பார், மடியில் நோட்டு இருக்கும், கண் மூடியிருக்கும். அப்போதுதான் அசந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா எனக்காக எழுந்து வருகிறாள் என்றும் நினைத்துக்கொண்டேன். பக்கத்து ஸ்டூலில் போர்வை மட்டும் கிடக்கிறதே, தலையணை இல்லையே, அப்படியானால் அம்மா படுக்கவே இல்லையே என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

"கதவைத் திறந்தது அம்மாதான்" என்றேன்.

அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கும் நாற்காலியைப் போடுன்னார். பத்து மணிக்கே தலை தொங்கிடுச்சு. திடுக்குனு முழிப்பார், மறுபடி தொங்கும். நாலு நாள் பார்த்தேன். நான் பார்த்துக்கிறேன், தூங்குங்கன்னேன். அப்படி விட முடியாதுன்னார். கப்பல்ல அடுத்த ஆள் வந்து, 'எடுத்துக்கிட்டேன்'னு வாய்விட்டுச் சொன்னாத்தான் முதல் ஆள் நகரலாமாம். சொல்லுன்னார். எடுத்துக்கிட்டேன்னு சொன்னேன். அன்னிக்குத் தூங்கினார் பாரு, குறட்டை."

"அப்படித்தான் வழக்கம்" என்றார் செயலாளர் மெதுவாக. அதுவரை கூடத்தில் அவர் சொன்ன வார்த்தைகளில் அது ஒன்றுதான் அச்சடிக்காதது.

அண்ணன் விடவில்லை. "சரிம்மா. அப்போ அவர் பக்கத்துல இருந்தார். இப்ப ராத்திரி நீ தனியா. இவன் கிடங்குல. ஏதாவது ஆச்சுன்னா?"

"கல்யாணமாகி பதினாறு வருஷம் அவர் தண்ணியில, நான் இங்க. கைக்குழந்தையா உன்னை வச்சுக்கிட்டு இதே கதவைத்தான் பூட்டினேன். அப்ப யாரு என்னைப் பொட்டி கட்டிக் கூப்பிட வந்தாங்க?"

"அதுக்கு அப்ப வயசு இருந்துச்சு."

"இப்ப பழக்கம் இருக்கு."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லுடா. சரின்னுதானே சொன்னே?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"எதையாவது உருப்படியா முடிச்சிருக்கியா நீ? இதையும் பாதியில விடுறே."

அது உண்மை. பரீட்சை அறையிலிருந்து பாதியில் எழுந்து வந்தவன்தான் நான். "விடுறேன்" என்றேன். "அம்மா வரலைன்னா வரலை. நான் விடுதிக்குப் போகல. காலையில ஆறு நாற்பதுக்கு இங்க இருப்பேன். அதை இதுவரைக்கும் விட்டதில்லை."

அம்மா எழுந்து, சூட்கேஸைத் திறந்து, மேலே இருந்த புடவைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணி இரண்டாவது சூட்கேஸை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். "நான் அடுக்கும்போதே சொன்னேன், அத்தையை ஒரு வார்த்தை கேளுங்கன்னு" என்று போகிற போக்கில் அண்ணனிடம் சொன்னாள்.

செயலாளர் தாளோடு நின்றார். "அந்தக் கடைசி வரி... இருநூறு பிரதி அடிச்சாச்சே."

"பேனா இருக்குல்ல, ஒரு கோடு போடுங்க" என்று உள்ளேயிருந்து அம்மா சொன்னாள். "பெட்டியை எடுத்துட்டுப் போங்க. கடைசி நோட்டு இங்க இருக்கட்டும். இன்னும் பக்கம் இருக்கு."

அவர் உட்கார்ந்து, பிரதிகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்த வரியை அடித்தார்.

அண்ணன் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கோ போய்விட்டு ஒரு புதுத் தாழ்ப்பாளோடு வந்தான். கதவின் கீழ்ப்பக்கம் வைத்து, திருகாணியை அவனே முறுக்கினான். தையல் மிஷின் எண்ணெய் விட்டு நாலைந்து தடவை இழுத்துப் பார்த்தான். அப்பாவும் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பார். நான் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்திருக்கும். "தினமும் ஒன்பது மணிக்குப் போன் பண்ணுவேன்" என்றான் அம்மாவிடம். "எடுக்கலைன்னா நேரா கார் எடுத்துட்டு வந்துடுவேன்."

"எடுப்பேன். எட்டே முக்காலுக்கே பண்ணு, ஒன்பதுக்கு நோட்டு எழுதணும்."

நாலு மணிக்குக் கார் இரண்டு பேரோடு கிளம்பியது.

நான் ஆறரைக்குச் சட்டையை மாற்றினேன். அம்மா நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டாள். அப்பா உட்கார்ந்த நாற்காலி அது. இவ்வளவு நாள் பக்கத்து ஸ்டூலில் இருந்தவள். தலையணை ஒன்றைக் கொண்டுவந்து அதன் முதுகில் வைத்தேன்.

"இது எதுக்கு?"

"இருக்கட்டும்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியில் நின்றேன். அபத்தமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"எடுத்துக்கிட்டியாம்மா?"

"எடுத்துக்கிட்டேன். கிளம்பு, பஸ் போயிடும்."

கதவு என் பின்னால் மூடியது. மேல் தாழ், புதுத் தாழ், கடைசியாகச் சாவி இரண்டு சுற்று.