வேலிக்கு மேல் ஒரு மீசை

ரங்கூன் துரைமார் கிளப்பில் டென்னிஸ் ஆடிக் கோப்பை வாங்கியவர்களின் பெயரெல்லாம் மறுநாள் பேப்பரில் வரும். அப்பாசாமி அந்தப் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அவருக்கு வேண்டிய பெயர் எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை. ஷம்சுதீன், கிளப்பின் மார்க்கர். அதாவது சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுகிறவன். ஜோடி கிடைக்காத துரைக்கு எதிரே நின்று பந்தைத் திருப்பிக் கொடுக்கிறவன்.

ரங்கூனின் கியாக்டடா பேட்டையில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் அப்பாசாமிக்குக் குமாஸ்தா வேலை. மணி ஐந்தடித்தால் குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். உள்ளே விடுவார்களா என்ன? செடிவேலி அவர் மோவாய் உயரம். வேலிக்கு மேல் கண்ணும் முறுக்கு மீசையும் மட்டும் தெரிய வெளியே நின்றுகொண்டு, நாலு வருஷமாக ஷம்சுதீன் தோற்பதைப் பார்த்து வருகிறார்.

தோற்பதைத்தான்! மார்க்கர் துரையை ஜெயிக்கலாமா? துரையின் வலது கைக்கு வாகாகப் பந்தைப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் மூச்சிரைப்பதுபோல ஓட வேண்டும். கடைசியில் ஒன்றைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டு, "நல்ல அடி, ஹுசூர்" என்று சலாம் போட வேண்டும். ஷம்சுதீன் தட்டும் பந்து எப்போதும் கோட்டுக்கு ஒரே ஒரு விரற்கடை வெளியே விழுவதை அப்பாசாமி கண்டுபிடித்திருந்தார்.

"நித்தமும் ஒரு விரற்கடை தவற விடறவன், நெசமா ஆடினா எப்படி ஆடுவான்? யோசிச்சுப் பாரும் ஓய்!" என்று, பர்மாக்காரர்களின் மீன்குழம்புச் சேவையான மொகிங்கா விற்கும் கடையில் முழங்குவார்.

"எங்க ஜமால் அரை விரற்கடைதான் தவற விடுவான்" என்பார் எதிரே உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும் டிராம் கண்டக்டர் கருப்பண்ணன். ஆற்றங்கரைக் கிளப்பின் மார்க்கர் ஜமாலுக்கு ஊரில் இருந்த ஒரே ரசிகர் அவர்தான்.

அந்தத் தை மாதத்தில் துரைமாருக்குப் பொழுது போகவில்லை. இரண்டு கிளப் மார்க்கர்களையும் மோதவிட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். சேதி வந்த அன்றைக்கே மொகிங்கா கடையில் பந்தயம் தயார். யாருடைய ஆள் தோற்கிறானோ அவர் மீசையை எடுத்துவிட வேண்டும்.

"ரெண்டு பேரும் சமமாப் போனா?" என்று கேட்டார் கருப்பண்ணன்.

"ரெண்டு பேருக்கும் மீசை போவட்டும். டென்னிஸ்ல ஏதுய்யா சமம்!" என்றார் எல்லாம் தெரிந்த அப்பாசாமி.

வீட்டில் ஜெயம்மா தலையிலடித்துக்கொண்டாள். "உங்க மூஞ்சியில உருப்படியா இருக்கிறது அது ஒண்ணுதான். அதையுமா பணயம் வைப்பீங்க?"

சனிக்கிழமை வந்தது. ஆட்டம் தொடங்கிய கால்மணி நேரத்தில் அப்பாசாமிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஷம்சுதீன் ஜமாலின் வலது கைக்கு வாகாகப் பந்தைப் போட்டான். ஜமால் ஷம்சுதீனின் வலது கைக்கு அதைவிட வாகாகத் திருப்பினான். எதிரே நிற்கிறவனுக்கு ஊட்டிவிட்டே பழகிய கைகள், துரைமார் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்யும்? அலுத்துப்போய் ஒருவன் ஒரு விரற்கடை வெளியே தட்டுவான். அடுத்தவன் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மரியாதையில்லையே என்று அரை விரற்கடை வெளியே தட்டுவான். ஏழுக்கு ஏழு. எட்டுக்கு எட்டு. துரைமார் கொட்டாவி விட்டார்கள்.

"இன்னும் பத்து நிமிஷம். முடியாவிட்டால் சமம்" என்று அறிவித்தார் உயர நாற்காலியில் இருந்த நடுவர் துரை.

வேலியோரம் நின்ற இரண்டு மீசைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

அப்பாசாமி குடையைப் போட்டுவிட்டுக் கிளப்பின் பின்கட்டுக்கு ஓடினார். அங்கே பட்லர் அழகப்பன், ஜெயம்மாவின் அண்ணன், கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், விஸ்கித் தட்டை இப்பவே வெளியே கொண்டு போ!"

"பொழுது சாயாமலா? துரைங்க கண்ணுக்கு முன்னால வேலை போயிரும்."

"துரைங்க கண்ணு தட்டு மேலேயே இருக்கணும், அதான் மச்சான் வேணும்! அவங்க பார்க்கிற வரைக்கும் இவனுங்க நெசமா ஆடமாட்டானுங்க. என் மீசை போவுதய்யா!"

அழகப்பன் மீசையைப் பார்த்தான். தங்கச்சியை நினைத்தான். தட்டைத் தூக்கினான்.

விஸ்கி சீக்கிரம் வந்துவிட்டதே என்று எந்தத் துரை கோபித்துக்கொள்வான்? அத்தனை முதுகும் ஆட்டத்துக்குத் திரும்பின. நடுவரும் இறங்கிப் போய்விட்டார். அப்பாசாமி மூச்சு வாங்க வேலிக்குத் திரும்பியபோது ஷம்சுதீன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு பந்தை வீசினான்.

அடேயப்பா! அது டென்னிஸ். ஜமால் மூலைக்கு மூலை பறந்தான், விழுந்து எழுந்து திருப்பினான். கருப்பண்ணன் எதிராளி என்பதை மறந்து அப்பாசாமியின் தோளைக் கட்டிக்கொண்டார். கடைசியில் ஷம்சுதீன் இருந்த இடத்திலிருந்து ஒன்றை அறைந்தான். பந்து கோட்டின் மேலேயே விழுந்து, சுண்ணாம்பு தெறித்தது.

நடுவர் துரை கிளாசுடன் திரும்பினார். "யாருக்குப் பாயிண்ட்?"

"ஜமாலுக்கு, ஹுசூர்" என்றான் ஷம்சுதீன்.

"ஷம்சுதீனுக்கு, ஹுசூர்" என்றான் ஜமால்.

"சமம்" என்று சொல்லிவிட்டுத் துரை குடிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே நாவிதரிடம் இரண்டு மீசைகளும் போயின. ஜெயம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை மாலை இரண்டு மழித்த முகங்கள் வேலிக்கு மேல் தெரிந்தன. பந்து பொறுக்க வந்த ஷம்சுதீன் அவர்களைப் பார்த்துத் தயங்கினான்.

"ஏங்க, இங்க ஒரு மீசைக்கார அண்ணன் நிப்பாரே, பார்த்தீங்களா? நாலு வருசமா வருவாரு, மழையில கூட. அவருக்காகத்தான் அன்னிக்கு நெசமா ஆடினேன். அந்தக் கடைசி அடியைப் பார்த்தாரான்னு கேக்கணும்."

அப்பாசாமியின் கை மேலுதட்டுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. கண்ணில் நீர் முட்டியது. மீசையில்லாமல் நான்தான் அது என்று எப்படிச் சொல்வது?

"பார்த்தாரு தம்பி, கண் கொட்டாம பார்த்தாரு" என்றார் கருப்பண்ணன். "ஊருக்குப் போயிருக்காரு. ஒரு மாசத்துல வந்துருவாரு."

ஷம்சுதீனின் முகம் மலர்ந்துவிட்டது. சலாம் வைத்துவிட்டு, ஒரு தொந்தித் துரையிடம் தோற்கப் போனான்.

"ஒரு மாசத்துல வந்துருமாய்யா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார் அப்பாசாமி.

"விளக்கெண்ணெய் தடவும், இருபது நாள்லயே வந்துரும்" என்றார் கருப்பண்ணன்.