கருப்பாயி சொல்லாத பதில்

இறப்பர்ப் பால் வெட்டுகிறவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். பட்டையைச் சீவு, உள்ளே இருக்கிற கட்டையைத் தொடாதே. கட்டை தொட்டால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடம் புடைத்து முண்டு விழும். முண்டு விழுந்த இடத்தில் அப்புறம் நீ தலைகீழாக நின்றாலும் பால் வராது. புதிதாகப் பேர் பதிந்தவனுக்குக்கூட இரண்டு மாதத்தில் கை பழகிவிடுகிற இந்த வேலையை இருபத்தெட்டு வருடம் செய்த யேசுதாசன், ஒரே மாதத்தில் நாற்பது இறப்பர் மரங்களைக் கட்டை தெரிய வெட்டி வைத்திருந்தார்.

ஃபீல்ட் ஒபிசர் அவரை மரம் மரமாகக் கூட்டிப்போய்க் காட்டினார். யேசுதாசன் ஒவ்வொரு காயத்தையும், அடுத்த வீட்டுக்காரன் சுவரில் விழுந்த வெடிப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மரமெல்லாம் கொழுத்துப் போய்விட்டது, அதனால்தான் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தேன் என்றார். வழக்கமாக அவருடைய பகிடிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒபிசர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கையை நீட்டிக் கத்தியை வாங்கிக்கொண்டார். கையும் தலையும் சரியாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் வாங்கி வந்தால் கத்தி திரும்பக் கிடைக்கும். அதுவரை புல்லு வெட்டப் போகலாம் என்றார்.

புல்லு வெட்டுவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் பால் வெட்டுகிறவனைப் புல்லுக்கு அனுப்புவது, மாப்பிள்ளையை எழுப்பிப் பந்திக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது மாதிரி. லயத்து வீடுகளில் எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஐயோ பாவம் என்பார்கள். அட்டைக்கடி, மழை, தொரையின் ஏச்சு எல்லாவற்றையும் யேசுதாசன் தாங்குவார். இந்த ஐயோ பாவத்தைத்தான் அவரால் தாங்க முடியாது.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். எட்டு மாதத்துக்கு முன் அவருடைய தம்பி ரொபர்ட், இரத்தினபுரிப் பக்கம் ஒரு மாணிக்கக் குழியில் மண் சரிந்து செத்துப்போனான். தோட்டத்தில் வேலை குறைகிற நேரமெல்லாம் குழிக்குப் போவது அவன் பழக்கம். அன்று காலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் அண்ணனைக் கண்டு, குழியில் ஒரு ஆள் குறைகிறது, நீயும் வா என்று கூப்பிட்டிருக்கிறான். யேசுதாசன் போகவில்லை. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போகாததோடு நிற்காமல் ஒரு பதிலும் சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. மனைவி செலினாவுக்குக்கூடத் தெரியாது. அந்தப் பதிலைக் காதால் கேட்ட ஒரே ஆள் மண்ணுக்குள் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வைத்தியங்கள் வரிசை கட்டி வந்தன.

முதலில் ஜெபம். செலினாவின் தங்கை போகிற சபையிலிருந்து போதகர் ஒருவர் வந்து, யேசுதாசனின் தலையில் கையை வைத்து அமுக்கி, துக்கத்தின் ஆவியே வெளியே போ என்று முக்கால் மணி நேரம் சத்தம் போட்டார். லயத்துக் கைக்குழந்தைகள் எல்லாம் எழும்பி அழுததுதான் கண்ட பலன். ஆவி எங்கும் போகவில்லை. போதகருக்கு வைத்த வடையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது.

அடுத்து ஒரு தொண்டு நிறுவனம். ஜீப்பில் வந்தார்கள். ஆளுக்கொரு தொப்பி, தின்ன ஆளுக்கொரு பனிஸ், ஆளுக்கொரு பலூன். உங்கள் கவலைகளையெல்லாம் இந்தப் பலூனுக்குள் ஊதுங்கள், பிறகு வானத்தில் பறக்க விடுங்கள் என்றாள் அவர்களில் ஒரு பெண். வாயால் ஊதின பலூன் எந்தக் காலத்தில் பறந்திருக்கிறது? அறுபது பேருடைய கவலையும் பால் நிறுக்கிற ஸ்டோர் வாசலில் உருண்டு கிடந்தது. அதைக் கூட்டி அள்ளவும் தோட்டத்து ஆள்தான் வேண்டியிருந்தது. கடைசியில் படம் எடுத்தார்கள். படத்தில் முன்வரிசையில் நின்று எல்லோரையும்விட அகலமாகச் சிரித்தது யாரென்றால், யேசுதாசன்தான். அந்தத் திறமையில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது.

கடிதத்துக்காகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு பஸ் மாற வேண்டும். டொக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, கடிதத்துக்கு அவசரப்படாதே, புதன்கிழமைகளில் மனநல ஆலோசனை மிஸ் ஒருவர் ஆட்களை வட்டமாக உட்காரவைத்துக் கதைக்கிறார், மூன்று புதன் போய் உட்கார், அந்த மிஸ் சரி என்று சொன்னால் நான் கையெழுத்து வைக்கிறேன் என்றார்.

வட்டம் என்றால் ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். எட்டு பிளாஸ்டிக் கதிரை. சுவரில் ஒரு வெள்ளைக்காரி வயலுக்கு நடுவில் கையை விரித்துக்கொண்டு சிரிக்கிற படம். அவளுக்கென்ன, விடிந்தால் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓட வேண்டுமா? கதிரைகளில் ஓய்வுபெற்ற ஒரு தபால் அதிகாரி, எல்லோருக்கும் அவர் தபால் மாத்தயா, பிள்ளை பெற்றதிலிருந்து தூக்கம் போன ஒரு பெண், இன்னும் மூன்று நான்கு பேர். எல்லோரும் சிங்கள ஆட்கள். யேசுதாசனுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. அவருடைய சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. கடையில், பஸ்ஸில், பொலிஸில், பக்கத்துக் கிராமத்துக் கலியாண வீட்டில் கற்றுக்கொண்டது. பேரம் பேச, பொய் சொல்ல, நாலு பேரைச் சிரிக்க வைக்க அதைவிடத் தோதான பாஷை அவருக்கு இல்லை. அந்தப் பாஷையில் அவர் ஒருநாளும் அழுததில்லை, அவ்வளவுதான்.

முதல் புதன் போதகர் கதையைச் சொன்னார். இரண்டாம் புதன் பலூன் கதை. தபால் மாத்தயா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிள்ளை பெற்ற பெண், வயிற்றுத் தையல் வலிக்கிறது, போதும் என்று கெஞ்சினாள். மிஸ்ஸும் சிரித்தார். ஆனால் கொப்பியில் ஒரு வரி எழுதவில்லை. போகும்போது, இரண்டு கிழமையாக உங்கள் பகிடி வந்து போகிறது, அடுத்த கிழமை நீங்களும் வாருங்கள் யேசுதாசன் என்றார். அந்த அம்மாவுக்கு ரசனை போதாது என்று முடிவு கட்டிக்கொண்டு யேசுதாசன் பஸ் ஏறினார்.

மூன்றாம் புதன் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பெயர் கருப்பாயி. அறுபது வயதிருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, மடியில் இறுக்கிப் பிடித்த ஒரு பிளாஸ்டிக் பை. மிஸ் சிங்களத்தில் மெதுவாக என்னென்னவோ கேட்டார். கருப்பாயி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், சிங்களம் தெரியாது போலிருக்கிறது, நீங்கள் தமிழில் கேட்டுச் சொல்கிறீர்களா என்று மிஸ் யேசுதாசன் பக்கம் திரும்பினார். சேலைக் கட்டையும் மூக்குத்தியையும் பார்த்த யேசுதாசனுக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அடுத்தவர் தலையைச் சரிபார்க்க உதவுகிறவனுக்குத் தன் தலை சரியில்லை என்று எந்த மிஸ் சொல்வாள்? கடிதம் கையில் வந்த மாதிரிதான்.

கருப்பாயி தமிழில் சொல்லத் தொடங்கினாள். புருசன் கந்தையா போய்ப் பத்து மாதமாகிறது. வீட்டில் சத்தமே இல்லை. அந்த ஆள் இருந்தபோது குறட்டையால் தூக்கம் கெட்டது, இப்போது குறட்டை இல்லாமல் கெடுகிறது. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று கை இன்னும் பழகவில்லை. தினமும் சோறு மிஞ்சுகிறது, மிஞ்சின சோற்றைக் கண்டால் சாப்பிட மனம் வருவதில்லை. பேச ஆள் வேண்டும் என்று ரேடியோவைப் போட்டால், அதில் இருக்கிறவன் இவள் சொல்வதைக் கேட்பதில்லை.

இவ்வளவையும் யேசுதாசன் சிங்களத்தில் இப்படிச் சொன்னார்: "புருசன் செத்துவிட்டான். தூக்கமில்லை. பசியில்லை."

கருப்பாயி தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தாள். யேசுதாசன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மிஸ் அடுத்த கேள்வியைக் கேட்டார். அவர் போனதில் உங்களுடைய தப்பும் ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? யேசுதாசன் அதைத் தமிழில் சொன்னார்.

"என் தப்பா? எனக்கென்ன தப்பு?" என்றாள் கருப்பாயி. "சீனி வருத்தத்த வச்சிக்கிட்டு கசிப்பு சாராயம் குடிச்சாரு. முப்பத்தாறு வருசமா சொன்னேன், கேக்கல. தப்பெல்லாம் அவரு மேலதான். சவப்பொட்டியில படுத்திருக்கறப்பவே அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்."

யேசுதாசன் மிஸ் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து சிங்களத்தில் வந்தது இது:

"ஆமாம். என்னுடைய தப்புதான். அன்று காலை நான் ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த வார்த்தைதான் ஆளைக் கொண்டுபோனது."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. யார் பேசியது என்று பார்ப்பதுபோல அக்கம்பக்கம் பார்த்தார்.

"நோனா, நான் அப்படிச் சொல்லவில்லை."

சுத்தமான சிங்களம். உச்சரிப்பில் யேசுதாசனை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்ளக்கூடிய சிங்களம். பேசியது கருப்பாயி. பதினொரு வயதில் வரக்காப்பொலயில் ஒரு சிங்கள வீட்டுக்கு வேலைக்குப் போனவள், கலியாணம் ஆகும்வரை அங்கேதான் இருந்தாளாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்றும் இவள் சிங்களத்தில் பாடித்தான் தூங்கினவையாம். அப்படியானால் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மிஸ் கேட்டார். வருகிறேன் நோனா, கழுவிவிட்டேன் நோனா, சரி நோனா என்று வீட்டுக்கார அம்மாவுக்குச் சொல்லத்தான் அந்தப் பாஷையைப் படித்தேன், இதையெல்லாம் அதில் எப்படிச் சொல்வது என்று வரவில்லை என்றாள்.

பிறகு யேசுதாசன் பக்கம் திரும்பி, தமிழில் கேட்டாள்.

"ஒங்களுக்கு யாரு செத்தது, தம்பி?"

இந்தக் கேள்வியை எட்டு மாதமாக யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும்தான் தெரியுமே.

"என் தம்பி," என்றார்.

உடனே சுதாரித்துக்கொண்டு, வட்டத்தைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ தொடங்கினார். மொழிபெயர்ப்பாளனை நம்பி வந்த நோயாளியின் கதி என்று அந்தப் பகிடி போயிருக்க வேண்டும். தபால் மாத்தயாகூடச் சிரிப்பதற்கு வாயைத் தயார்படுத்திவிட்டார். கருப்பாயி விடவில்லை.

"அவங்களுக்கு வேணாம். எங்கிட்ட சொல்லுங்க, தமிழ்ல. நான் அவங்களுக்கு சொல்லிக் குடுக்குறேன். ஒங்கள மாதிரி கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

யேசுதாசன் தன் கைகளைப் பார்த்தார்.

"வாண்ணே குழிக்கு, ஒரு ஆளு கொறையுதுன்னான்," என்றார். "ஒன்ன தோண்டி எடுக்கணும்னா சொல்லி அனுப்பு, அப்ப வர்றேன்னு சொன்னேன்கா. பகிடிக்கு. அவனும் சிரிச்சான். சிரிச்சிக்கிட்டே பஸ்ஸுல ஏறிட்டான்." கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு மணிக்கு சொல்லி அனுப்புனாங்க. மண்வெட்டியோட போனேன்."

கருப்பாயி அதைச் சிங்களத்தில் சொன்னாள். அவருக்குப் பதிலாக நான் என்றே சொன்னாள். நான் சொன்னேன், அவன் சிரித்தான், நான் மண்வெட்டியோடு போனேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தன் வாயால் எட்டு மாதம் வராத கதையை யாரோ ஒருத்தியின் வாயால், வீட்டு வேலைக்காரச் சிங்களத்தில், யேசுதாசன் உட்கார்ந்து கேட்டார். தபால் மாத்தயா வாயை மூடிக்கொண்டார். பிள்ளை பெற்ற பெண் தன் கதிரையைக் கொஞ்சம் இவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

மிஸ் ஏதோ கேட்பதற்குள் கருப்பாயி முந்திக்கொண்டாள்.

"ஏன் தம்பி, மழை பேஞ்சிருக்கும், குழிக்கு முட்டு சரியா வச்சிருக்க மாட்டானுங்க, மண்ணு விழுந்துச்சு. ஒங்க வார்த்தையா தள்ளிவிட்டுச்சு? ஒங்க வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தா, எங்க தோட்டத்து தொரைக்கு ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போங்களேன், புண்ணியமா போகும்."

யேசுதாசனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தவர் பகிடிக்கு அவர் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாகத் திரும்பியது. மூக்கு, கண், தொண்டை என்று எல்லா வழியாலும் வந்தது. பார்க்கச் சகிக்காத அழுகை. ஐம்பத்தொரு வயது மனுசன், உதட்டைக் கோணிக்கொண்டு, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார். அந்தச் சுவரிலிருந்த வெள்ளைக்காரி மட்டும் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. கருப்பாயி பையைத் துழாவி ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அதில் கருவாட்டு வாசம் அடித்தது.

வட்டம் கலைந்த பிறகு மிஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். இன்றைக்குக் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். டொக்டருக்குக் கொடுக்கும் தாளை எடுத்து முன்னால் வைத்தார். மூன்று புதன் வந்துவிட்டீர்கள், கத்தியைக் கொடுக்கலாம் என்று எழுதட்டுமா என்று கேட்டார். பேனாவையும் திறந்துவிட்டார்.

இதற்காகத்தான் யேசுதாசன் இத்தனை பஸ் ஏறி இறங்கியிருந்தார். கையைப் பார்த்தார். நாற்பது மரத்தைக் கட்டை தெரிய வெட்டிய கை. நாளைக் காலை இந்தக் கையோடு மரத்தடிக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது வேண்டாம் மிஸ், கட்டையைத் தொட்டுவிடுவேன், இன்னும் கொஞ்சப் புதன் வருகிறேன் என்றார். சிங்களத்தில்தான் சொன்னார். அதில் பகிடி எதுவும் இல்லை என்பது அவருக்கே வினோதமாக இருந்தது.

பஸ் நிற்கும் இடத்தில் கருப்பாயி நின்றிருந்தாள். கடிதம் கிடைத்ததா என்று கேட்டாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன் என்றதும், உலகத்தில் இப்படியும் ஒரு மூளை கெட்ட மனுசனா என்பதுபோலத் தலையில் தட்டிக்கொண்டாள். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள்.

"வீட்டுல இருக்கறவங்களுக்கு தெரியுமா, அந்த வார்த்த?"

"தெரியாதுக்கா."

"இன்னைக்கே சொல்லிருங்க. அதுக்கும் நான்தான் வந்து சொல்லிக் குடுக்கணும்னா, பஸ்ஸுக்கு நீங்கதான் குடுக்கணும்."

அவளுடைய பஸ் முதலில் வந்தது. யேசுதாசன் தன்னுடைய இரண்டு பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்தார். எப்படித் தொடங்குவது என்று ஒரு வாக்கியம் கட்டிப் பார்த்தார். சிரிப்பாக வந்தது, கலைத்தார். இன்னொன்று கட்டினார். அது போதகர் பேசுவதுபோல இருந்தது. அதையும் கலைத்தார். தோட்டத்து ரோட்டில் இறங்கி லயத்தை நெருங்கும்போது கையில் ஒரு வாக்கியமும் மிச்சமில்லை.

செலினா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவருடைய முகத்தையும், காலியாக இருந்த சட்டைப் பையையும் பார்த்தாள்.

"செலினா, கொஞ்சம் உக்காரு," என்றார்.

கடிதம் கிடைக்கவில்லை என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவள் விறகுக்கட்டையின் மேலேயே உட்கார்ந்தாள்.