படுக்கை காலியாகும் வழி

காலையிலிருந்து குழாய்க்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்த பெயர் அது. நோயாளிகளைத் தண்ணீராக்கி, வார்டைத் தொட்டியாக்கி, வருவதற்கு ஒரு குழாய், போவதற்கு ஒரு குழாய் என்று கம்ப்யூட்டரில் படம் போடுகிறவளை வேறென்னவென்று கூப்பிடுவார்கள்? நிர்வாகம் இன்றைக்கு ஒரு முடிவு எடுத்தால் ஆறு மாதம் கழித்து என்ன ஆகும் என்று அந்தப் படம் ஓடிக் காட்டும். போன வருடம் வேறோர் ஆஸ்பத்திரியில் இதே படத்தைப் பார்த்துக் கைதட்டி, கையோடு கையெழுத்தும் போட்டார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் இங்கே அழைத்திருந்தார்கள்.

படம் சொன்னது இதுதான்: வார்டில் நர்சுகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால், படுக்கைக்காகக் காத்திருக்கும் வரிசையும் குறையும். இயக்குநருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி இருந்தது. பதினொரு மணிக்குக் கையெழுத்து.

அவளுக்குத்தான் நெருடிக்கொண்டே இருந்தது. ஆள் குறைந்தால் வேலை எப்படி வேகமாகும்? நான்கு தடவை ஓட்டிப் பார்த்தாள். நான்கு தடவையும் கோடு சமர்த்தாகக் கீழே இறங்கியது. வார்டுப் பதிவேடும் அதற்கே ஒத்து ஊதியது. நர்சுகள் குறைவாக இருந்த வாரங்களில் படுக்கைகள் சீக்கிரம் காலியாகியிருந்தன.

ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கே ஓடினாள். அங்கே பதினான்கு வருடமாக நர்சாக இருப்பவள் அவளுடைய சொந்த அக்கா. வேலை போகிறவர்களில் அக்காவும் ஒருத்தியாக இருக்கலாம் என்பதால், ஒரு வாரமாக இருவருக்கும் சரியான பேச்சுவார்த்தை இல்லை. அக்கா கை கழுவிக்கொண்டே திரையைப் பார்த்தாள். வெளியே போகிற குழாய் எது என்று கேட்டாள். படுக்கை காலியாவது என்றாள் தங்கை.

"எப்படிக் காலியாகுது?"

"ஆளுங்க போறாங்கல்ல, அதான்."

அக்கா கையைத் துடைத்தாள். "போன வாரம் எங்ககிட்ட ஒன்பது படுக்கை காலியாச்சுடி. ஆறு பேரு நடந்து போனாங்க. மூணு பேரைத் தூக்கிட்டுப் போனோம். உன் படத்துல அது எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. ஒரே குழாய்தான். பிழைத்துப் போனவரையும் செத்துப் போனவரையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, தொட்டி நன்றாக வடிகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். பெரிய படிப்பெல்லாம் படித்தவள்தான். புத்தி மட்டும் புல் மேயப் போயிருந்தது.

பிணவறைப் பதிவேட்டை வாங்கி, குழாயை இரண்டாகப் பிரித்து, வேர்க்க விறுவிறுக்க ஓட்டினாள். பதினொரு மணிக் கூட்டத்தில் எழுந்து, தன் படம் தப்பு என்றாள்.

இயக்குநர் திறந்த பேனாவைக் கீழே வைக்கவில்லை. "உங்க அக்கா அந்த வார்டுலதானே இருக்காங்க?" என்று சாவகாசமாகக் கேட்டார்.

எதிர்பார்த்த கேள்விதான். ஆனாலும் முகம் சுட்டது. "ஆமா சார். வேணும்னா முதல்ல அவங்களையே வேலையை விட்டு எடுங்க. ஆனா பிணவறைக்குப் போற இந்த ரெண்டாவது குழாயைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. வரிசை இதனாலதான் குறையுது."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தாழ்வாரத்துக்கு வந்து, போன வருடம் கைதட்டிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அவள் குரலைக் கேட்டதுமே அங்கிருந்த நிர்வாகிக்கு ஏக உற்சாகம். நர்சுகளைக் குறைத்து எட்டு மாதம் ஆகிறதாம். நன்றி சொல்ல அவரே கூப்பிட நினைத்தாராம். இப்போதெல்லாம் வரிசையே இல்லையாம்.